வயலை மூடாமல் தொழில் வளருமா?

கேள்வி: நாகர்கோவில் மாநகராட்சியான பிறகு, அதைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் வயல்கள் மனைகளாகி வருகின்றன. படித்த பிள்ளைகள் உள்ளூரிலேயே வேலை பார்க்கத் தொழிற்சாலைகள் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் வயலும் குளமும் மிஞ்சுமா என்ற கவலை விடவில்லை. இரண்டும் சேர்ந்து நடக்க வழியுண்டா?
- தோவாளை வட்டத்து வாசகர்

பதில்: வழி உண்டு. ஆனால் தொழிற்சாலைக்கு இடம் பார்க்கும் முன், தண்ணீர் போகும் வழியைப் பார்த்தாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,100 பேர் வாழ்கிறோம். மாநிலச் சராசரியைப் போல் இது இரு மடங்கு. இவ்வளவு நெருக்கமான மண்ணில் தவறான இடத்தில் கட்டிவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

நாஞ்சில் நாட்டில் ஒரு குளம் நிறைந்து வழியும் மறுகால் தண்ணீர்தான் பல இடங்களில் அடுத்த குளத்துக்கு வரத்து. ஏலாவின், அதாவது தொடர்ச்சியான வயல்வெளியின், நடுவில் ஒருவர் அரை ஏக்கரைச் செம்மண் கொட்டி மேடாக்கினால், மேலண்டை வயலில் தண்ணீர் வடியாது; கீழண்டை வயலுக்குப் பாயாது. கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைந்த அந்த இரண்டு வயல்களும் ஓரிரு ஆண்டுகளில் தரிசாகி, தரிசு என்ற காரணத்தாலேயே விலைக்குப் போகின்றன. ஆகவே குளம், கால்வாய், மறுகால் ஓடை, ஏலா ஆகியவற்றை முதலில் வரைபடத்தில் குறித்து ஒதுக்கிவிட்டு, எஞ்சிய மேட்டு நிலத்தில்தான் தொழிலுக்கு இடம் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்தத் தொழில் என்பதையும் யோசிக்க வேண்டும். ரப்பரும் தென்னையும் நம் மண்ணில் விளைபவை. அதனால் அவற்றைச் சார்ந்த தொழில்கள் தாமாகவே தூய்மையானவை என்று எண்ணிவிடக் கூடாது. ரப்பர் பாலைப் பதப்படுத்தும்போது அமிலக் கழிவுநீர் வருகிறது. கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு (மட்டை) ஊறும் நீர்நிலையில் மீன் தங்குவதில்லை. சிறு ஆலைகள் சிதறிக் கிடந்தால் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. கோணம் தொழிற்பேட்டையைப் போல ஓரிடத்தில் கூட்டினால் பொதுவான நிலையம் சாத்தியம். அதுவும் ஆலைகள் ஓடத் தொடங்கும் முன்பே கட்டப்பட வேண்டும். திருப்பூரில் அது பிந்தியது. நொய்யலில் கலந்த சாயக்கழிவு, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலேயே தேங்கி, அந்த நீரைப் பயிருக்கு உதவாததாக்கியது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட, வேலையும் போயிற்று. விவசாயியும் தொழிலாளியும் சேர்ந்து இழந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் ஆட்சேபமும் ஆலோசனையும் அளிக்கலாம். 'விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் எழுதினால் கோப்பில் அது நிற்காது. எந்த சர்வே எண்ணில் கால்வாய் ஓடுகிறது, எந்த மடை எந்த வயல்களுக்குப் பாய்கிறது, மழைக்காலத்தில் வெள்ளம் எதுவரை நிற்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, கிராம வரைபடத்தில் குறித்து, அதனுடன் கிராமசபைத் தீர்மானத்தையும் இணைத்துக் கொடுங்கள். வரைவு வரும்வரை காத்திராமல், மறுகால் பாயும் இந்த மழையிலேயே நேரில் நடந்து பார்த்துக் குறிக்கத் தொடங்குங்கள்.