வலிப்பு நின்ற பிறகும் கை எழவில்லை... இது பக்கவாதமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. பல வருடங்களாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் வலிப்பு வந்து நின்ற பிறகு வலது கையைத் தூக்கவே முடியவில்லை. தண்ணீர் டம்ளரைக் கொடுத்தேன், நழுவி விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. எல்லோரும் பக்கவாதம் என்று பயந்துபோனோம். மறுநாள் காலையில் அதே கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்! டாக்டர் 'டாட்' என்று ஏதோ சொன்னார், சரியாகப் புரியவில்லை. அடுத்த தடவை கை வராமலே போய்விடுமா?

பதில்: உங்கள் டாக்டர் சொன்னது 'டாட் வாதம்'. ராபர்ட் பென்ட்லி டாட் என்ற மருத்துவர் 1849-லேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார், அதனால் அவர் பெயர். வலிப்பு முடிந்ததும் ஒரு பக்கக் கையோ காலோ, சில சமயம் இரண்டுமோ, கொஞ்ச நேரம் செயலிழந்து கிடக்கும். சிலருக்கு அரை மணி நேரத்தில் சரியாகிவிடும், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். பொதுவாக 36 மணி நேரத்துக்குள் தானாகவே விலகிவிடும்.

வலிப்பின்போது மூளையின் ஒரு பகுதி கட்டுக்கடங்காமல் மின்துடிப்புகளைக் கிளப்புகிறது. அது ஓய்ந்ததும் அந்தப் பகுதி உடனே வேலைக்குத் திரும்புவதில்லை. நரம்பணுக்கள் களைத்துவிடுகின்றன என்பது பழைய விளக்கம். வலிப்பை அடக்க மூளை போட்ட பிரேக் தளரத் தாமதமாகிறது என்பது இன்னொன்று. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தற்காலிகமாகக் குறைவதையும் பார்த்திருக்கிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் பக்கவாதத்தில் நடப்பதுபோல ரத்தக்குழாய் அடைத்து மூளைத் திசு செத்துப்போவதில்லை. அதனால்தான் கை முழுசாகத் திரும்பி வருகிறது. கட்டுப்படாத வலிப்பு வந்தால் இந்தத் தளர்ச்சியும் மறுபடி வரலாம். அதற்காகக் கை நிரந்தரமாகப் போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. 'போன தடவை மாதிரி காலையில் சரியாகிவிடும்' என்று அடுத்த முறை வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவீர்களோ என்றுதான். டாட் வாதத்தையும் பக்கவாதத்தையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது எங்களுக்கே சிரமம். போதாக்குறைக்குப் பக்கவாதமே வலிப்போடு தொடங்குவதும் உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வலிப்பை யாரும் பார்க்காமல் கை மட்டும் விழுந்திருந்தாலோ, வேறு பக்கம் தளர்ந்தாலோ, கடுமையான தலைவலி இருந்தாலோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தாலும், நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலும் அப்படித்தான். சர்க்கரை குறைந்தாலும் இதே கோலம் வரும் என்பதால் அங்கே முதலில் விரலில் குத்திப் பார்ப்பார்கள்.

அப்புறம் அந்த டம்ளர். நழுவி விழுந்ததே நல்லது என்பேன். பேச்சு குழறும்போது விழுங்குவதும் தடுமாறலாம், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நன்றாகத் தெளிந்து, தெளிவாகப் பேசும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காதீர்கள். வலிப்பில் தோள்பட்டை மூட்டு விலகியிருந்தாலும் கையைத் தூக்க முடியாது. தொட்டாலே வலியில் கத்தினால் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும்.

வலது கையோடு பேச்சும் போயிருக்கிறது என்பது எனக்கு முக்கியமான தகவல். வலது பக்கத்தை இயக்குவது இடது மூளை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான். அதனால் வலிப்பு இடது பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்று யோசிக்கலாம். எந்தக் கை முதலில் வெட்டி இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை மணிக்குக் கையை அசைத்தார் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதிவையுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை இரண்டையும் சமீபத்தில் எடுக்கவில்லையென்றால், இப்போது எடுக்க வேண்டுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, அந்த வாரம் மாத்திரை எதையாவது விட்டாரா, தூக்கம் கெட்டதா என்று அவரிடம் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் உண்மை வராது. மாத்திரையைத் தவறாமல் போட்டும் வலிப்பு வந்திருந்தால் மருந்தை மாற்றவோ அளவைக் கூட்டவோ வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை அவர் வண்டி ஓட்ட வேண்டாம்.