அக்கா மகன் கேட்கும் சர்வருக்கு வளையலை அடகு வைக்கலாமா?

கேள்வி: காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் செய்கிறேன், ஜிஎஸ்டி எண் இருக்கிறது. கடை விற்பனை போக சொந்த வெப்சைட் வழியாக மாதம் 25,000 ரூபாய்க்கு ஆர்டர் வருகிறது, செலவு போக 4,500 நிற்கும். தினம் நூறு பேர் சைட்டுக்கு வருவதாகக் காட்டுகிறது. சைட் செய்து கொடுத்தது அக்கா மகன், ஹோஸ்டிங்கும் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடத்துக்கான வாடகை) அவன் பொறுப்புதான். முதல் வருடம் 8,000 கேட்டான், அடுத்து 18,000, போன வருடம் 36,000. அந்த 36,000-க்கு மனைவியின் செயினை ஒன்றரை வட்டிக்கு வைத்தது இன்னும் மீட்கவில்லை. இப்போது சைட் மெதுவாக இருக்கிறது, மூன்று வருடத்துக்கு டெடிகேட்டட் சர்வர் (நமக்கு மட்டுமேயான முழு சர்வர்) எடுக்கலாம், 1,10,000 ஆகும், மிச்ச இடத்தை நாலு பேருக்கு வாடகைக்கு விட்டு வட்டியைக் கட்டிக்கொள்ளலாம் என்கிறான். சலுகை ஞாயிற்றுக்கிழமை முடிகிறதாம். வளையலை வைக்கலாமா, பர்சனல் லோன் போடலாமா? எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: வளையலும் வேண்டாம், லோனும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கவலையே படாதீர்கள், இந்தத் தொழிலில் சலுகை முடிகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வாரமும் வரும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், மூன்று வருடமாகப் பணம் கொடுத்திருக்கிறீர்கள், பில் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எந்தக் கம்பெனி, எந்த பிளான், அடுத்த வருடம் எவ்வளவு என்று நீங்கள் ஒரு தாளைக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. தேங்காய்ப் பருப்பு வாங்கும்போது மூட்டைக்கு மூட்டை எடை போட்டுப் பார்க்கிற ஆள்தானே நீங்கள்? உங்கள் அக்கா மகன் அந்தத் தம்பி கெட்டவன் என்று நான் சொல்லவில்லை, அவனும் விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்திருக்கலாம். ஆனால் பில் கேட்காத பழக்கம்தான் செயினைத் தின்றது, வளையலையும் தின்னும்.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். 1,10,000-க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 1,650. பழைய 36,000-க்கு 540. ஆக மாதம் 2,190 வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். வெப்சைட்டில் உங்களுக்கு நிற்பதே 4,500. அதில் பாதியை அடகுக் கடைக்குக் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் முடியும்போது புதுக் கடனுக்கு மட்டும் 59,400 வட்டியும் கட்டி, 1,10,000 அசலையும் தேட வேண்டும். அதற்குள் சர்வரின் காலம் முடிந்து அடுத்த பில் வந்திருக்கும். பர்சனல் லோனுக்குப் போனால், 18 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு மாதத் தவணை கிட்டத்தட்ட 4,000. அதாவது தம்பியின் சர்வருக்காக நீங்கள் எண்ணெய் ஆட்டுகிறீர்கள்.

சரி, உண்மையில் என்ன தேவை? தினம் நூறு பேர், ஆளுக்கு மூன்று பக்கம், பக்கத்துக்கு 2 எம்பி என்று வைத்தால்கூட மாதம் 18 ஜிபிதான். இதைச் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது பல சைட்டுகள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் மலிவான பிளான், தாங்கும். சைட் மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சர்வரில் இருக்காது, படங்களில் இருக்கும். போனில் எடுத்த பாட்டில் படத்தை அப்படியே ஏற்றினால் ஒரு படமே 4, 5 எம்பி, முகப்பில் பன்னிரண்டு படம் இருந்தால் 50 எம்பி ஆகிவிடும், கிராமத்து சிக்னலில் அது திறப்பதற்குள் வாங்க வந்தவர் போய்விடுவார். ஒவ்வொன்றையும் 150 கேபிக்குச் சுருக்குங்கள், இலவசமாகவே செய்யலாம். அதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால் மாதக் கட்டணத்தில் விபிஎஸ் (ஒரு சர்வரில் உங்களுக்கென்று பிரித்துக் கொடுக்கும் பங்கு) எடுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் விட்டுவிடலாம். மூன்று வருடத்துக்கு மொத்தமாக யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

விலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாதம் 99, 149 என்று பெரிதாகப் போட்டிருப்பது முதல் தடவை விலை, அதுவும் மூன்று நான்கு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால்தான். புதுப்பிக்கும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஆகும், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதனால் புதுப்பிக்கும் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுங்கள். மாதம் 400 என்றால் வருடம் 4,800, வரியோடு 5,700-க்குக் கொஞ்சம் குறைவு, டொமைனுக்கு, அதாவது சைட்டின் முகவரிப் பெயருக்கு, ஒரு 1,400. ஆக 7,000 சொச்சம். நீங்கள் போன வருடம் கொடுத்தது 36,000! பில் உங்கள் நிறுவனப் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருந்தால், காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) நீங்கள் இல்லாதபட்சத்தில் அந்த வரியைக்கூட உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து, கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு எதுவும் கிடையாது. டாலரில் பில் போடும் கம்பெனி என்றால் கார்டுக்காரர்கள் மாற்றுக் கட்டணம் என்று தனியாக ஒரு துண்டு எடுப்பார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்ல மாட்டேன், இன்று நன்றாக இருப்பது நாளை விற்கப்பட்டுவிடும். இரவு பத்து மணிக்கு சைட் விழுந்தால் மனிதர் யாராவது பேசுவாரா, பேக்கப்பை (சைட்டின் பாதுகாப்பு நகல்) திரும்ப ஏற்றக் காசு கேட்பார்களா, சர்வர் மும்பை மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறதா, இவ்வளவையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சைட்டுக்கும் வாங்குபவருக்கும் இடையில் போகும் தகவலைப் பூட்டுகிற எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. 'அன்லிமிடெட்' என்பதை நம்பாதீர்கள், கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 99.9 சதவீதம் ஓடும் என்பதும் வருடத்தில் எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்பதுதான், உங்கள் வியாபாரத்துக்கு அது போதும். பேக்கப்பின் ஒரு நகல் மாதம் ஒரு தடவை உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும். 2021 மார்ச்சில் பிரான்ஸில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் (சர்வர்கள் வைத்திருக்கும் கட்டடம்) எரிந்தபோது வேறிடத்தில் நகல் வைக்காத பலர் மொத்தத்தையும் இழந்தார்கள்.

அந்த 'வாடகைக்கு விடலாம்' யோசனைக்கு வருகிறேன். இப்படி வாங்கிய சர்வர் இடத்தைப் பிறருக்கு விற்பதை ரீசெல்லர் ஹோஸ்டிங் என்று இப்போது பலர் வகுப்பு எடுத்து விற்கிறார்கள். மாதம் 149-க்குப் பெரிய கம்பெனியே தரும்போது தம்பியிடம் வருகிற அந்த நாலு பேர் யார்? அவர்கள் சைட் ஹேக் ஆனால் ராத்திரி யாருக்குப் போன் வரும்? வராத வாடகையை நம்பி வட்டிக்கு வாங்குவதை நான் எந்தத் தொழிலிலும் ஒப்புக்கொண்டதில்லை.

இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தம்பியின் பெயரிலும் அவனுடைய மெயிலிலும் இருந்தால், அது உங்கள் செக்கு நிற்கிற இடத்தின் பட்டா வேறொருவர் பெயரில் இருப்பது மாதிரி. ஹோஸ்டிங் போனால் வேறு வாங்கலாம், டொமைன் போனால் பாட்டில் லேபிள் முதல் பார்சல் பெட்டிவரை அச்சிட்ட முகவரி போய்விடும். உங்கள் பெயரிலேயே கணக்குத் திறந்து, டொமைனை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். பதிவுப் பெயரை மாற்றினால் 60 நாள் வரை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழலாம், அதனால் தீபாவளி ஆர்டர் நெருங்கும் நேரத்தில் இதில் கை வைக்காதீர்கள், முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

அக்கா மனம் நோகும் என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. தம்பியிடம் சண்டை போட வேண்டாம். "மாப்பிள்ளை, ஆடிட்டர் பில் கேட்கிறார், இனி கம்பெனிக்கு நானே கட்டிவிடுகிறேன், உன் வேலைக்கு மாதம் ஆயிரம் தனியாகத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அவன் உழைக்கிறான், கூலி கொடுப்பது நியாயம்தான். சர்வர் பணத்துக்குள் கூலியை ஒளித்து வைப்பதால்தான் ஒவ்வொரு வருடமும் தொகை இரட்டிப்பாகிறது. இதைக் கேட்டு அவன் கோபித்துக்கொண்டால், அந்த 36,000 எங்கே போனது என்று நீங்கள் கட்டாயம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஹோஸ்டிங், டொமைன் 600, தம்பிக்கு 1,000 போக 4,500-ல் 2,900 மிஞ்சும். அதை மாதாமாதம் அடகுக் கடையில் கட்டுங்கள், வட்டிக்கு மட்டும் என்று இல்லாமல் அசலிலும் பாகமாக வரவு வைக்கச் சொல்லி ரசீது வாங்குங்கள். பதினான்கு பதினைந்து மாதத்தில் செயின் வீட்டுக்கு வந்துவிடும்.