28 கிலோமீட்டரும் ஆல் வீல் டிரைவும் ஒரே காரில் கிடைக்குமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேலைக்காக அவர் தினமும் ஓசூர் போய் வருகிறார். வேப்பனஹள்ளிப் பக்கம் அவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குப் போகும் செம்மண் பாதையின் கடைசி ஏற்றத்தில், மழை பெய்துவிட்டால் இப்போதுள்ள கார் ஏறுவதில்லை. பெங்களூரிலிருந்து பழைய கார்களைக் கொண்டுவந்து விற்கும் தரகர் ஒருவர், 2023-ஆம் ஆண்டின் மாருதி கிராண்ட் விட்டாரா ஒன்றைக் காட்டி, "ஹைப்ரிட், ஆல் வீல் டிரைவ், லிட்டருக்கு 28 தரும்" என்கிறாராம். வாங்கலாமா என்பதே கேள்வி.

தரகர் சொல்வது ஒரு காரைப் பற்றியதல்ல. இரண்டு கார்களின் நல்ல குணங்களைச் சேர்த்து ஒன்றாகச் சொல்கிறார். கிராண்ட் விட்டாராவிலும், அதனுடைய உடன்பிறப்பான டொயோட்டா ஹைரைடரிலும் இரண்டு வகை ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது) உண்டு. லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று சான்றளிக்கப்பட்டது ஸ்ட்ராங் ஹைப்ரிட். அதில் மோட்டார் தனியாகவே காரை நகர்த்தும். ஆனால் இழுப்பது முன்சக்கரங்கள் மட்டுமே. நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய ஆல் வீல் டிரைவ் உள்ளது மைல்டு ஹைப்ரிட். அதற்குச் சான்றளிக்கப்பட்ட அளவு 19.38 கிலோமீட்டர். அதிலுள்ள சிறிய மோட்டார், மேட்டில் சைக்கிள் மிதிப்பவரைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிடுவது போல எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். தனியாகக் காரை ஓட்டாது. பின் அச்சில் தனி மோட்டார் வைத்து இரண்டையும் சேர்த்துத் தரும் ஹைப்ரிட் கார்களும் நம் நாட்டில் விற்பனையாகின்றன. ஆனால் அவற்றின் விலை வேறு உயரத்தில் இருக்கிறது. ஜிம்னி, தார் போன்றவை சேற்றுக்கு இவற்றைவிடக் கெட்டிக்காரக் கார்கள் என்றாலும், தினமும் ஓசூர் போய் வருபவருக்கு எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது.

காட்டப்படும் கார் எந்த வகை என்பதைக் கண்டுபிடிக்கத் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2023 மாடலில் ஆல் வீல் டிரைவ் மேனுவல் கியரில் மட்டுமே வந்தது. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் கிளட்ச் மிதியே கிடையாது. அதாவது, கிளட்ச் இருந்தால் 28 கிலோமீட்டர் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். 2025-இல் ஆல் வீல் டிரைவும் ஆட்டோமேட்டிக் கியருக்கு மாறிவிட்டதால், புதிய கார்களுக்கு இந்தச் சோதனை செல்லாது. அவற்றை லிஃப்டில் ஏற்றச் சொல்லிக் கீழே பாருங்கள். முன்பக்கமிருந்து பின் அச்சுக்கு நீளமான ஒரு ஷாஃப்ட் போனால் மட்டுமே அது ஆல் வீல் டிரைவ். ஆர்.சி.யில் ஹைப்ரிட் என்று அச்சாகியிருப்பதைக் காட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். எந்த வகை ஹைப்ரிட் என்பதை அந்தச் சொல் சொல்லாது.

செலவைப் பார்ப்போம். ஓசூருக்குப் போய்வர ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 2,500 கிலோமீட்டர். சான்றளிக்கப்பட்ட அளவுகளின்படி ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு ஏறத்தாழ 89 லிட்டரும், ஆல் வீல் டிரைவுக்கு 129 லிட்டரும் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 4,000 ரூபாய் வித்தியாசம். தேசிய நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஹைப்ரிட்டின் ஆதாயம் சுருங்கும், ஓசூர் ஊருக்குள் நின்று நின்று நகரும்போது கூடும். ஆகவே கையில் மிஞ்சுவது இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். எப்போதாவது ஏறும் ஓர் ஏற்றத்துக்காக மாதாமாதம் இந்தப் பணத்தைக் கொடுப்பதைவிட, அந்த ஏற்றத்தில் கிராவல் கொட்டி, நல்ல டயர் போட்ட ஸ்ட்ராங் ஹைப்ரிட்டை வாங்குவதே உங்களுக்கு ஏற்றது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அறுவடைக் காலமும் கோடை மழையும் மே மாதத்தில் ஒன்றாக வருகின்றன. பின்னால் மாம்பழப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஈரச் செம்மண் மேட்டில் ஏறும்போது பாரம் முழுவதும் பின்பக்கம் சாய்கிறது. முன்சக்கரங்களில் அழுத்தம் குறைந்து, அவை பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் எந்தக் காருக்கும், அது எவ்வளவு விலையுள்ளதானாலும், இதே கதிதான். ஆல் வீல் டிரைவில், முன்சக்கரம் வழுக்கியதும் இழுவிசை பின்னுக்கும் போகும். ஏற்றத்தின் அடியிலேயே, ஓட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கும் திருகியை லாக் நிலையில் வைத்துவிட்டால் வழுக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆகவே, பாதை பொதுவழியாகவோ அடுத்தவர் பட்டாவிலோ இருந்து கிராவல் கொட்ட வழியில்லை, பழத்தையும் இதே காரில்தான் இறக்க வேண்டும் என்றால், 19 கிலோமீட்டருக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு ஆல் வீல் டிரைவையே வாங்குங்கள். பழம் டெம்போவில் போகிறது, நீங்கள் வெறும் காரில் போகிறீர்கள் என்றால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

எந்த வகையை வாங்கினாலும், பெங்களூர்க் கார் என்பதால் தாள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். "ஒரு வருடம் கே.ஏ. நம்பரிலேயே ஓட்டலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தரகர்கள் சொல்வது பாதி உண்மை. சட்டம் தரும் 12 மாத அவகாசம் பதிவு எண்ணை மாற்றுவதற்கு மட்டுமே. வாங்கியவர் பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30-ஆம் படிவங்களை (பெயர் மாற்றத்துக்கானவை) வாங்கிக்கொண்டு, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பழைய உரிமையாளர் யாரென்றே தெரியாமல் நிற்பவர்கள் இந்த எல்லையோர ஊர்களில் நிறைய உண்டு.

வரியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள புதிய காருக்கு 18 சதவீத ஆயுட்கால வரி. வெளிமாநிலத்துப் பழைய காருக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள் என்றாலும், இந்த விலைக் காருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போய்விடும். கர்நாடகத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம்; ஆனால் அதற்காக அந்த அலுவலகத்தின் படிகளை நீங்கள்தான் ஏறி இறங்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே வாகனப் பதிவேடு கணினியில் இருக்கும்போது, ஒரே காருக்கு இரு மாநிலத்தில் வரி கட்ட வைத்து, காகிதத்தைக் கையில் கொடுத்து அலையவிடுவது எந்த நியாயத்தில் சேரும் என்று புரியவில்லை. இந்த அலைச்சல்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

ஆகவே முன்பணத்தைச் சிறிய தொகையாக வையுங்கள். கிருஷ்ணகிரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பெயருக்கு எடுக்கப்பட்ட தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) கைக்கு வந்த பிறகு, கடன் நிலுவையோ அபராதமோ இல்லை என்பதை இணையத்தில் நீங்களே பார்த்துவிட்டு, மீதியைப் பழைய உரிமையாளரின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள். ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்றால், அதன் பெரிய பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. அது இன்னும் செல்லுமா என்பதை கார் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள், தரகரிடம் கேட்க வேண்டாம்.