வாசகர் கேள்வி பதில்: வெள்ளம் வந்தால் பாலிசி கைகொடுக்குமா?

கேள்வி: முடிச்சூரில் 1,000 சதுர அடியில் சொந்த வீடு, தரைத்தளம் மட்டும்தான். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் உள்ளே புகுந்தது. கடன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் என்று வங்கியில் ஒரு தொகை பிடித்தார்கள். அது போதாதா? புதிதாகப் போடுவதென்றால் எவ்வளவுக்குப் போடுவது? வீடு இன்றைக்கு 90 லட்சம் போகும் என்கிறார்கள்.
- வாசகர், முடிச்சூர்

பதில்: முதல் வேலையாக, வங்கியில் கொடுத்த அந்தப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். நிறைய வீடுகளில் அது கடன் ஃபைலுக்குள் பிரித்துப் பார்க்காமலே கிடக்கும். கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கியை அடைக்கிற ஆயுள் காப்பீட்டைத்தான் பல இடங்களில் ஹோம் லோன் இன்சூரன்ஸ் என்று சொல்லிப் போட்டுவிடுகிறார்கள். குடும்பத்துக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. ஒருவேளை கட்டடத்துக்கே போட்டிருந்தாலும், கடன் தொகை அளவுக்கு மட்டும் போட்டிருக்கலாம், உள்ளே இருக்கும் சாமான்களை விட்டிருக்கலாம். பாலிசியோடு ஷெட்யூல் என்று ஒரு பக்கம் இருக்கும். கட்டடத்துக்கு எவ்வளவு, பொருள்களுக்கு எவ்வளவு, எந்தத் தேதி வரைக்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏஜென்ட் வாயால் சொன்னது எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் கணக்கில் வராது.

சரி, எவ்வளவுக்குப் போடுவது? 90 லட்சம் என்பது மனையும் சேர்ந்த விலை. தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் மனை அங்கேயேதான் இருக்கப்போகிறது, அதற்குப் பிரீமியம் கட்டுவது வீண். இன்றைக்கு இதே வீட்டைத் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. சுவருக்குள் அடங்கிய பரப்பை, அதாவது கார்ப்பெட் ஏரியாவை, கட்டுமானச் செலவால் பெருக்குவார்கள். உங்கள் 1,000 சதுர அடி அந்த அளவுதான் என்றும், உங்கள் பக்கத்து இன்ஜினீயர் சதுர அடிக்கு 2,500 ரூபாய் ஆகும் என்று சொல்வதாகவும் வைத்துக்கொண்டால் 25 லட்சம். காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க், தரைக்குக் கீழே இருக்கிற சம்ப், மாடியில் சோலார் பேனல் இருந்தால் அது, இவற்றுக்கான செலவையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.

எந்தப் பாலிசி என்று கேட்டால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2021 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த 'பாரத் கிருஹ ரக்ஷா'வில் இருந்து தொடங்குங்கள் என்பேன். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றில் கிடைக்கிறது, அடிப்படை நிபந்தனைகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான், அதனால் பிரீமியத்தை ஒப்பிடுவது சுலபம். தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, தண்ணீர்த் தொட்டி உடைவது, கலவரம் எல்லாம் இதில் அடக்கம். கட்டடத்துக்குப் போடும் தொகையில் 20 சதவீதம் வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும், அதிகபட்சம் 10 லட்சம். உங்கள் 25 லட்சத்துக்கு அது 5 லட்சம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், கட்டில், பீரோ என்று கூட்டிப் பாருங்கள், 5 லட்சத்தைத் தாண்டினால் விவரம் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். பத்து ஆண்டு வரை சேர்த்தும் எடுக்கலாம், அப்படி எடுத்தால் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக ஏறும். சிமெண்ட், கம்பி, கூலி ஏறுகிற வேகத்துக்கு இது ரொம்பவே உதவும்.

ஆனால் திருட்டு விஷயத்தில் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். வெள்ளம், தீ போல ஏதாவது நடந்து 7 நாட்களுக்குள் வீட்டில் திருடு போனால்தான் இந்தப் பாலிசியில் பணம் வரும். கல்யாணத்துக்கு ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்து எடுத்துப்போனால் வராது, அதற்குத் தனியாகக் கொள்ளைக் காப்பீடு சேர்க்க வேண்டும். நகைக்கும் மதிப்பைக் குறிப்பிட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணம் கிடையாது. வாசலில் நிற்கும் காரும் ஸ்கூட்டரும் இதில் வராது, அவற்றின் சொந்த பாலிசி மூன்றாம் நபர் காப்பீடாக மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு அதிலும் கிடைக்காது. அப்புறம், வருஷக்கணக்கில் சுவரில் ஓதம் ஏறுவது, மழைக்கு மாடி ஒழுகுவது போன்றவை பராமரிப்புக் குறைதான், இன்சூரன்ஸ் சமாச்சாரம் இல்லை.

ஐப்பசி பிறந்து புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓட வேண்டாம், வெயில் காலத்திலேயே முடித்துவிடுங்கள். அன்றைக்கே ஒவ்வோர் அறையையும் போனில் வீடியோ எடுத்து, ஃபிரிட்ஜ் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரையும் பில்களையும் படம் பிடித்து, வேறு ஊரில் இருக்கிற மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்துவிடுங்கள். 2015-ல் பலர் வீட்டில் சாமானோடு பில்லும் சேர்ந்து நனைந்து போயிற்று.

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கும் இது உண்டா?
- வாசகி, கோவை

பதில்: தாராளமாக. கட்டடம் வீட்டுக்காரர் பொறுப்பு, உங்கள் பொருள்களுக்கு மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பாலிசி வைத்திருந்தாலும் உங்கள் டிவிக்கும் பீரோவுக்கும் அது ஈடு தராது.

கேள்வி: வெள்ளத்தில் 5 லட்சம் சேதம். 25 லட்சத்துக்குப் போட வேண்டிய வீட்டை 15 லட்சத்துக்குத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி 3 லட்சம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். பாலிசி பாரத் கிருஹ ரக்ஷாதான். இது நியாயமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: நியாயமில்லை, விட்டுவிடாதீர்கள். குறைத்துப் போட்டால் அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைப்பது பழைய தீக் காப்பீட்டுப் பாலிசிகளின் வழக்கம். அந்தக் கழிவே இந்தப் பாலிசியில் கிடையாது, காப்பீட்டுத் தொகைக்குள் வருகிற சேதத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும். சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த விதிப்படி 2 லட்சம் கழித்தார்கள் என்று நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கிற, சென்னையில் உள்ள ஓம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையான வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும், அந்தத் தேதியை மட்டும் தவற விடாதீர்கள்.