0 டெசிபல் என்றால் நிசப்தமா? கேள்வி பதில்

காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நமக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி 0 டெசிபல்தானே? அதற்குக் கீழே ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. 0 என்பது ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்ட ஒரு புள்ளி, அவ்வளவுதான். 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தம். அதாவது சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் சுமார் 500 கோடியில் ஒரு பங்கு. 1000 ஹெர்ட்ஸ் ஒலியை, அதாவது நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலியை, நல்ல காது ஏறத்தாழ இந்த அளவில் கேட்டுவிடும். 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் மைனஸ் 5 கூடக் கேட்கும். காரணம் காதுத் துளை. இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனையைச் செவிப்பறை அடைத்திருக்கிறது. பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதினால் ஒரே சுருதியில் விசில் வருமே, அதே கதைதான்: தனக்குப் பிடித்த சுருதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும். தாழ்ந்த சுருதியில் வரும் கனத்த ஒலிக்கு அந்தச் சலுகை இல்லை. 100 ஹெர்ட்ஸ் காதில் விழ 25 டெசிபலாவது வேண்டும்.

கேள்வி: அவ்வளவு மெல்லிய ஒலிக்குச் செவிப்பறை எவ்வளவு அசையும்?

ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவாக. முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் மைனஸ் 5 என்று இருக்கிறது. மெஷின் கோளாறா?

இல்லை, சந்தோஷப்படுங்கள். ஆடியோகிராமில், அதாவது உங்கள் கேட்கும் திறனைக் காட்டும் அந்த ரிப்போர்ட்டில், உள்ள 0 வேறு. காதில் குறையில்லாத இளவயதினர் பலரைச் சோதித்து, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அவர்களுக்குச் சராசரியாகக் கேட்ட அளவையே 0 ஆக்கியிருக்கிறார்கள். சராசரியைத் தாண்டுகிறவர்களும் இருப்பார்கள்தானே?

கேள்வி: சோதனையில் சத்தம் கேட்டதா, பிரமையா என்றே தெரியவில்லை. சும்மா பட்டனை அழுத்திவிட்டேன். ரிசல்ட் தப்பாகிவிடுமா?

என்னிடம் வரும் முக்கால்வாசிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். அந்தச் சந்தேகம் வரும் இடத்தைத்தான் நாங்கள் தேடுகிறோம். நீங்கள் அழுத்தினால் ஒலியை 10 டெசிபல் குறைப்போம், அழுத்தாவிட்டால் 5 கூட்டுவோம். இப்படிக் கூட்டிக்கொண்டு வரும்போது பாதித் தடவையாவது கேட்கிற மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்வோம். ஓரிரு தப்பு அழுத்தலால் ஒன்றும் ஆகாது. ஒலி விடும் இடைவெளியையும் வேண்டுமென்றே மாற்றுவோம். தாளம் போட்டு அழுத்துகிறவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: பட்டன் அழுத்தத் தெரியாத கைக்குழந்தைக்கு?

தூங்கினாலே போதும். காதுக்குள் ‘கிளிக்’ ஒலி விட்டால், நலமான உள்காது பதிலுக்குத் தானே ஒரு மெல்லிய ஒலியை எழுப்பும். குட்டி மைக் அதைப் பிடித்துவிடும். 1978-இல் பிரிட்டன் விஞ்ஞானி டேவிட் கெம்ப் கண்டறிந்த விஷயம் இது. என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே அழகான கண்டுபிடிப்பு இதுதான்.

கேள்வி: உலகில் முழு நிசப்தமான அறை உண்டா?

முழு நிசப்தம் இல்லை. அமெரிக்காவின் ரெட்மண்டில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வு அறையில் 2015-இல் மைனஸ் 20.6 டெசிபல் பதிவானது. ஆனால் நீங்கள் உள்ளே போனதும் உங்கள் மூச்சும் வயிறும் சத்தம் போட ஆரம்பித்துவிடும்.

கேள்வி: ஃபோன் ஆப்பில் சோதித்துக்கொள்ளலாமா?

விளையாட்டுக்குச் சரி. உங்கள் ஹெட்ஃபோன் எவ்வளவு ஒலி தருகிறது என்று யாரும் அளந்து சரிபார்க்கவில்லை, அறை இரைச்சல் வேறு. ஆனால் இரண்டு காதுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், நேரில் காட்டிவிடுங்கள்.