வாசகர் கேள்வி – பதில்: பாய்ப்படகின் பூமில் கப்பி மாற்றும் வேலை

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்): 14 அடிப் பாய்ப்படகு ஒன்றைப் பழையதாக வாங்கி, பழுது பார்க்க வீட்டில் வைத்திருக்கிறோம். பாயின் அடிவிளிம்பு பொருந்தும் பூம், அலுமினியக் குழாய். பூமை இழுக்கும் மெயின்ஷீட் கயிறு சாதாரண பிளாஸ்டிக் கப்பிகளில் நாலு மடங்காக ஓடுகிறது. காற்று ஏறினால் இழுக்க முடியவில்லை. ஆறு மடங்காக்கி விடலாமா?

பதில்: வேண்டாம், முதலில் கப்பியை மாற்றுங்கள். பால் பேரிங் இல்லாத கப்பியில் ஒவ்வொரு உருளையும் இழுவிசையில் பத்தில் ஒரு பங்கைத் தின்கிறது என்று வையுங்கள். நாலு உருளை தாண்டிய பிறகு உங்கள் 10 கிலோ இழுப்பு 40 ஆவதில்லை, 31 கிலோதான் பூமுக்குப் போய்ச் சேரும். அதே கப்பிகளில் ஆறு மடங்கு போட்டால் 42 கிலோ கிடைக்கும். ஆனால் பூம் ஒரு மீட்டர் உள்ளே வர நீங்கள் ஆறு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். பால் பேரிங் கப்பியில் உருளைக்கு நூற்றுக்கு மூன்று பங்குதான் இழப்பு என்றால், நாலு மடங்கிலேயே 37 கிலோ வந்துவிடுகிறது.

இழுப்பதைவிட விடுவதில்தான் வித்தியாசம் அதிகம் தெரியும். மெல்லிய காற்றில் கயிற்றைத் தளர்த்தினால் பூம் தானாக வெளியே போக வேண்டும். உராய்வு கூடிய ஆறு மடங்குக் கப்பியில் அது பாதியில் நின்றுவிடும், கையால் தள்ள வேண்டி வரும்.

கயிறும் பழையதாக இருந்தால் கப்பியோடு சேர்த்தே மாற்றுங்கள். 8 மி.மீ. பாலியஸ்டர் பின்னல் கயிறு கைக்கு இதமாக இருக்கும். கடைவீதியில் 'நைலான் கயிறு' என்று கேட்டால் பல சமயம் பாலிபுரொப்பிலீன்தான் கிடைக்கும், சேலத்து வெயிலில் அது சீக்கிரம் பொடிந்துவிடும். அசல் நைலானும் இதற்கு ஆகாது, ரப்பர் போல நீளும். நீளம் கணக்கிட, பூமை முழுக்க வெளியே தள்ளிவிட்டு, பூம் கப்பிக்கும் படகின் தரைக் கப்பிக்கும் இடையே அளந்து, மடங்கால் பெருக்கி, கைப்பிடிக்கு 2 மீட்டர் கூட்டுங்கள். இடைவெளி 2 மீட்டர் என்றால் நாலு மடங்குக்கு 10 மீட்டர் தேவை.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, சேலம்): புதுக் கப்பிகளைப் பூமில் எதைக் கொண்டு பொருத்துவது? போல்ட்டா, ரிவெட்டா? குழாய்ச் சுவர் 2 மி.மீ. தடிமன்.

பதில்: பாரம் தாங்கத் துளையே போடாமல் முடிகிற இடத்தில் துளை போடாதீர்கள். மெயின்ஷீட் கப்பிக்கு, பூமைச் சுற்றி வரும் டைனீமா (நீளாத, மிக வலுவான செயற்கை இழை) கயிற்று வளையம் ஒன்று போதும். அது முன்பின் நகராமல் இருக்க மட்டும் ஒரு சிறு வளையப் பட்டையை ரிவெட் அடியுங்கள். பாரம் முழுவதும் குழாயின் சுற்றளவில் பரவிவிடும்.

பாரத்துக்கே துளை போட்டே ஆக வேண்டும் என்றால் மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட், 4.8 மி.மீ. விட்டம். அலுமினிய ரிவெட்டைப் பாரம் தாங்கும் இடத்தில் நம்பக்கூடாது. 2 மி.மீ. சுவரில் மரை போட்டால் எம்-5 போல்ட்டுக்கு இரண்டரை மரைதான் கிடைக்கும், அது உருவிக்கொண்டு வரும். மரை போடத்தான் வேண்டுமென்றால் உள்ளே தடித்த தகடு வைத்து, 4.2 மி.மீ. துளையில் போடுங்கள்.

வேலை முறை இது. சென்டர் பஞ்ச் வைத்துக் குறியுங்கள், இல்லையேல் உருண்டைக் குழாயில் பிட் வழுக்கிவிடும். 3 மி.மீ. பிட்டால் முதல் துளை, பிறகு 4.9 மி.மீ. நடுநடுவே சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் பிட்டில் ஒட்டாது. பிசிறை அரத்தால் நீக்குங்கள். ரிவெட் பெட்டியில் எவ்வளவு தடிமனைப் பிடிக்கும் என்று போட்டிருக்கும்; பட்டையும் சுவரும் சேர்ந்த தடிமன் அதற்குள் வர வேண்டும். மோனல் 4.8-ஐச் சாதாரணக் கை ரிவெட்டர் இழுக்காது. நீண்ட கைப்பிடி உள்ளதை வாடகைக்காவது வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் பட்டைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே டூராலாக் பசை தடவாமல் பொருத்தாதீர்கள். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். பட்டையின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான் அறிகுறி.

எங்கே அடிப்பது என்பதுதான் முக்கியம். ரிவெட் பக்கவாட்டு வெட்டுவிசையை நன்றாகத் தாங்கும், நேராக வெளியே பிடுங்கும் விசையைத் தாங்காது. கீழ்நோக்கி இழுக்கும் கப்பியைப் பூமின் அடிவயிற்றில் ரிவெட் அடித்தால் பிடுங்கு விசை முழுவதும் ரிவெட் தலைமேல் விழும். இரு பக்கமும் பட்டை அடித்து, அவற்றிலிருந்து அடியில் கயிற்று வளையம் தொங்கவிடுங்கள். துளைகளை ஒரே வட்டத்தில் வரிசையாகப் போடாதீர்கள், முன்பின்னாக மாற்றிப் போடுங்கள். பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வேங் மாட்டும் இடத்தில் வளைவிசை மிக அதிகம். பூம்கள் அங்கேதான் பழைய துளை வழியே முறிகின்றன, அதனால் அதன் அருகே புதுத் துளையே கூடாது.

பழைய ரிவெட்டைத் துளைத்து எடுத்தால் வால் துண்டுகள் குழாய்க்குள் விழும். முனை மூடியைக் கழற்றி அவற்றைக் கொட்டிவிடுங்கள். உள்ளே ஓடும் கயிற்றை அவை அறுக்கும்.

கேள்வி (ஆத்தூர்): பாயின் பின்மூலையை இழுக்கும் அவுட்ஹால் கயிறு பூம் நுனியில் வெறும் முடிச்சாக இருக்கிறது. ஓடும்போதே சரிசெய்ய என்ன வழி?

பதில்: ஆறு மடங்கு அமைப்பைக் குழாய்க்குள் வையுங்கள். பாய் மூலையிலிருந்து வரும் 4 மி.மீ. டைனீமா, இரண்டு மடங்காகச் சுற்றி நுனி உருளை வழியே உள்ளே போய் ஒரு கப்பியை இழுக்கும். அந்தக் கப்பியை 5 மி.மீ. பாலியஸ்டர் கயிறு மூன்று மடங்காக முன்னால் இழுக்கும். மூலை 15 செ.மீ. நகர நீங்கள் 90 செ.மீ. இழுப்பீர்கள். வெளிவரும் துளையின் விளிம்பை அரத்தால் உருட்டி, பிளாஸ்டிக் புஷ் போடுங்கள். கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கேம் கிளீட்டில் திருகுத் துளை இடைவெளி 27 மி.மீ. உள்ள சிறியது இந்தக் கயிற்றுக்குப் போதும், 38 மி.மீ. உள்ளது மெயின்ஷீட்டுக்கு. வெறும் டைனீமா கிளீட்டில் வழுக்கும், ஆகவே கையில் வரும் பகுதி பாலியஸ்டராகவே இருக்கட்டும். மூலையைப் பூமோடு சேர்த்துக் கட்டும் பட்டையை மறந்தால், தளர்த்தும்போது மூலை மேலே எழும்பிவிடும்.

கேள்வி (சூரமங்கலம், சேலம்): வளையப் பட்டைகளை உள்ளூர் ஸ்டெயின்லெஸ் தகட்டிலேயே செய்துகொள்ளலாமா? காந்தம் வைத்துப் பார்த்தால் தரம் தெரியுமா?

பதில்: பட்டையைச் செய்யலாம், உருளையை வாங்குங்கள். சேலம் உருக்காலை இருக்கும் ஊரில் 304 தர ஸ்டெயின்லெஸ் தகடு தேட வேண்டியதே இல்லை. ஏரி நீருக்கு அது போதும். கடலுக்குப் போவதானால் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். 304, 316 இரண்டிலும் காந்தம் ஏறக்குறைய ஒட்டாது, எனவே அவற்றைக் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. பில்லில் தரம் எழுதி வாங்குங்கள். பூமையே மாற்ற நேர்ந்தால், ஜன்னல் கடையில் கிடைக்கும் 6063 தர அலுமினியக் குழாயைப் போடாதீர்கள். 6061-டி6 தரம் அதைவிடத் தெளிவாக வலுவானது.

கேள்வி (ஏற்காடு): மலைமேல் உள்ள ஏரியில் ஓட்ட வேறு அமைப்பு வேண்டுமா?

பதில்: ஏற்காடு ஏரியில் படகு சவாரியைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது; சொந்தப் படகை இறக்குவதற்கு முன் அனுமதி கேளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே வேகக் காற்றின் தள்ளுதலும் அவ்வளவு குறையும். கப்பியின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை.

சிக்கல் காற்றின் திசையில்தான். சுற்றியுள்ள மேடுகளில் மோதி அது திடீரென்று திரும்பும். மெயின்ஷீட்டைக் கிளீட்டில் பூட்டிவைத்தால் படகு கவிழும். கைக்கு அருகே வரும் கடைசிக் கப்பியை ராட்செட் கப்பியாக மாற்றுங்கள். அது பாரத்தின் பெரும்பகுதியைத் தான் பிடித்துக்கொள்ளும், விட்டவுடன் கயிறும் ஓடும். இழுக்கும்போது டிக் டிக் என்று கேட்க வேண்டும். விடும்போது கேட்டால் கயிற்றைத் தலைகீழாகக் கோத்திருக்கிறீர்கள், கழற்றி மறுபக்கமாகக் கோர்த்துவிடுங்கள்.