இகிகாய்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வாழ்வதற்கு ஒரு பிடிப்பைத் தருவது எதுவோ, அதைத்தான் ஜப்பானியர்கள் இகிகாய் என்கிறார்கள். ஜப்பானியத் தத்துவத்தையும் அன்றாட வாழ்க்கையையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஜப்பானில் ஒக்காயாமா பக்கம் சில வருடம் வேலை பார்த்தவள், இது சம்பந்தமான புத்தகங்களை ஜப்பானிய மொழியிலேயே படிப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது, ஐடி வேலை. பிடித்தது, திறமை, உலகத்துக்குத் தேவை, சம்பளம் என்று நாலு வட்டம் போட்ட இகிகாய் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடு இடத்தில் எழுத எதுவுமே இல்லை. எனக்கு இகிகாயே கிடையாதா?

பதில்: அந்தப் படத்தை முதலில் ஓரமாக வை தம்பி. அது ஜப்பானில் பிறந்ததே இல்லை. ஆந்த்ரேஸ் சுசுனாகா என்ற ஸ்பெயின்காரர் வாழ்க்கை நோக்கத்தைப் பற்றி வரைந்த வட்டங்கள் அவை. 2014-ல் மார்க் வின் என்ற பிரிட்டிஷ் வலைப்பதிவர் நடுவில் இகிகாய் என்று எழுதிப் போட்டார், அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஜப்பானில் வயதான ஒரு அம்மாவிடம் உங்கள் இகிகாய் என்ன என்று கேட்டால் பேத்தி என்பார், தோட்டத்துக் கத்தரிக்காய் என்பார், வாரா வாரம் போகிற பாட்டு வகுப்பு என்பார். இதில் எதற்கும் சம்பளம் கிடையாது, உலகத்துக்கு இது தேவையா என்று யாரும் கணக்குப் பார்ப்பதும் இல்லை.

இதை ஆழமாக ஆராய்ந்து 1966-ல் புத்தகம் எழுதியவர் கமியா மியெகோ என்ற மனநல மருத்துவர். நமக்குப் பிடிப்பைத் தருகிற பொருளோ ஆளோ வேலையோ ஒன்று, அதனால் மனதுக்குள் வருகிற உணர்வு இன்னொன்று என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தார். உனக்கு அந்த உணர்வு எப்போது வருகிறது என்பதை மட்டும் கவனி. எதைச் செய்துகொண்டிருக்கும்போது மணி பார்க்க மறந்துபோகிறாய், எதற்காக மறுநாள் எழுந்திருக்கத் தோன்றுகிறது? பதில் உன் வேலைக்கு வெளியே இருந்தால் அதில் குறை ஒன்றும் இல்லை.

கேள்வி: கமியா பற்றி நீங்கள் முன்பும் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு டாக்டருக்கு இந்தக் கேள்வி ஏன் வந்தது?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒக்காயாமா கடற்கரையை ஒட்டி நகாஷிமா என்று ஒரு தீவு. 1930-ல் அங்கே தொழுநோயாளிகளுக்காக ஐசெய்-என் என்ற அரசு இல்லம் தொடங்கினார்கள். பிடித்துக்கொண்டு போய் அடைத்து வைப்பார்கள், பலர் குடும்பத்துக்கு அவமானம் வரக்கூடாது என்று சொந்தப் பெயரையே விட்டுவிட்டார்கள். நோய்க்கு மருந்து வந்த பிறகும் இப்படி அடைத்து வைக்கச் சொன்ன சட்டம் 1996 வரை இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. கரைக்கும் தீவுக்கும் நடுவே இருப்பது மிகக் குறுகலான கடல்தான், ஆனால் ஒரு பாலம் வர 1988 ஆனது.

கமியா 1957-ல் அங்கே மனநல ஆய்வுக்குப் போனார். உடம்பில் பெரிய பாதிப்பு இல்லாதவர்களிலேயே நிறையப் பேர் தினமும் வெறுமையாகப் போகிறது, எதற்கும் அர்த்தம் இல்லை என்றார்கள். அதே இல்லத்தில், அதே சாப்பாடு, அதே சுவர், இன்னும் மோசமான உடம்போடு வேறு சிலர் நிறைவாக இருந்தார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தத் தீவில் இருந்த கொண்டோ கோய்ச்சி என்பவரைப் பற்றிச் சொன்னால் இன்னும் புரியும். பார்வை போய்விட்டது, விரலில் உணர்ச்சியும் இல்லை, அதனால் ப்ரெய்ல் எழுத்தை விரலால் தடவிப் படிக்க முடியாது. அவர் புள்ளிகளை நாக்கால் தொட்டுத் தொட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டார். இசைக் குறிப்புகளை அப்படிப் படித்து, 1953-ல் பார்வையற்ற நோயாளிகளைச் சேர்த்து நீலப் பறவை என்று ஒரு ஹார்மோனிகா குழு ஆரம்பித்தார். அந்தக் குழு பிறகு தீவுக்கு வெளியேயும் போய் வாசித்தது. இதைச் செய் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, பணம் வரப்போவதும் இல்லை. இகிகாய் என்ன என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் இவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

கேள்வி: ஒகினாவா மக்கள் 100 வயது வாழ்வதற்கு இகிகாய்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா மேடம்?

பதில்: அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சாப்பாடு, உடலுழைப்பு, உறவுகள் எல்லாம் சேர்ந்தது அது. ஒகினாவாவில் மொஆய் என்று ஒரு வழக்கம், நம் ஊர்ச் சீட்டு மாதிரியேதான்: பத்துப் பேர் மாதா மாதம் பணம் போடுவார்கள், முறை வைத்து ஒருவர் எடுப்பார். அப்புறம் சாப்பாடு, அரட்டை. ஒருவர் வரவில்லை என்றால் என்ன ஆச்சு என்று கேட்க ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

ஆய்வு வேண்டும் என்றால் வட ஜப்பானின் ஓசாகி பகுதியில் தொஹோகு பல்கலைக்கழகம் செய்தது இருக்கிறது. 43,391 பேரிடம் உங்களுக்கு இகிகாய் இருக்கிறதா என்று கேட்டு 7 வருடம் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியிட்டார்கள். இல்லை என்றவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது, குறிப்பாக இதய, ரத்தநாள நோய்களால். ஆனால் ஆயுளை நீட்டுவதற்காக இகிகாய் தேடினால் அது மாத்திரை சாப்பிடுகிற கதையாகிவிடும், அந்த வழியில் போகாதீர்கள்.

கேள்வி: காலையிலிருந்து ராத்திரி வரை சமையல், பாத்திரம், திரும்பவும் சமையல். செய்கிற வேலையிலேயே ஆனந்தம் காணுங்கள் என்று ஜென் சொல்கிறதாம். சொல்வது சுலபம்!

பதில்: உங்கள் கோபம் நியாயம். ஜென் ஆசிரியர் டோகென் 1237-ல் மடத்துச் சமையல்காரருக்காகவே தனியாக ஒரு நூல் எழுதினார். இளம் வயதில் சீனாவில் ஒரு மடத்தில் 68 வயதுச் சமையல்காரர் உச்சி வெயிலில், தலையில் தொப்பி கூட இல்லாமல், கையில் ஊன்றுகோலோடு காளான் காயவைப்பதைப் பார்க்கிறார். வேறு யாரையாவது செய்யச் சொல்லக்கூடாதா என்று கேட்டால் "மற்றவர் நான் இல்லையே" என்கிறார் பெரியவர். வெயில் தாழ்ந்தபின் செய்யலாமே என்றால், வேறு எந்த நேரத்துக்குக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனால் இதை வைத்து ஒரு பெண்ணிடம் நீயே எல்லாம் செய், சந்தோஷமாகச் செய் என்று சொன்னால் அது அநியாயம். அந்த மடத்தில் சமையல் என்பது மூத்த துறவிக்குக் கொடுக்கும் மரியாதையான பொறுப்பு, கூட உதவியாளர்கள் உண்டு, சமைத்த சாப்பாட்டை மற்றவர்கள் வணங்கித்தான் சாப்பிடுவார்கள். உங்கள் வீட்டில் இதெல்லாம் இருக்கிறதா? முதலில் பாத்திரத்தை வேறு யாராவது கழுவட்டும். மீதி வேலையில் ஒன்றை மட்டும், அரிசி களைவதையோ காய் நறுக்குவதையோ, அவசரமில்லாமல் முழுக் கவனத்தோடு செய்து பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு தத்துவம் உள்ள நாட்டில் வேலை செய்தே செத்துப்போகிறார்களே, அது எப்படி?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. கரோஷி, அதாவது அதிக வேலையால் வரும் சாவு, அங்கே நிஜமான பிரச்சினை, அதைத் தடுக்க 2014-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2018 சீர்திருத்தத்தில் கூடுதல் வேலைக்குப் பொதுவாக மாதம் 45 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். கம்பெனிதான் உன் வாழ்க்கை என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்ததன் விளைவு இது. பிடிப்பு முழுவதையும் சம்பளம் தருகிற ஒரே இடத்தில் கட்டி வைத்தால் அங்கே நிலைமை கெட்டாலும் வெளியே வர முடியாது.

கேள்வி: அப்பா ரிட்டயர் ஆகி ஆறு மாதம் ஆகிறது. டிவி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என்ன சொல்லலாம் அக்கா?

பதில்: ஒன்றும் சொல்லாதே, ஏதாவது ஒரு வேலையில் அவருடைய உதவியைக் கேள். ஜப்பானில் 60 தாண்டியவர்களுக்காக சில்வர் மையங்கள் உண்டு. செடி வெட்டுவது, சைக்கிள் நிறுத்தம் பார்த்துக்கொள்வது, காகிதக் கதவுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவது மாதிரி சின்ன வேலைகள், சொற்ப வருமானம், ஆனால் அவருக்காக யாரோ காத்திருப்பார்கள். காலை 6.30-க்கு ரேடியோவில் இசை வந்ததும் பூங்காவில் கூடி உடற்பயிற்சி செய்வதும் அப்படித்தான், 1928-ல் தொடங்கியது. அப்பாவுக்கும் தினமும் குறிப்பிட்ட நேரத்துக்குப் போக ஓர் இடமும், வரவில்லையே என்று கேட்க ஆளும் இருந்தால் போதும்.

கேள்வி: எதைத் தொடங்கவும் மனசு வரவில்லை. மனசு சரியானதும் ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பதில்: மொரிதா மசாதகே என்ற மனநல மருத்துவர் 1919 வாக்கில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். முதல் கட்டம் வெறும் படுக்கை, பேச்சு இல்லை, புத்தகம் இல்லை. அப்புறம் லேசான வேலை, அப்புறம் தோட்டம், விறகு மாதிரி கடினமான வேலை. பயமும் சோர்வும் இருந்தால் இருக்கட்டும், அதை விரட்டப் போராடாமல் கையில் இருப்பதைச் செய் என்பதுதான் அதன் சாரம். மனசு சரியாகக் காத்திருக்காமல் படுக்கையை மட்டும் மடித்து வையுங்கள் இன்று. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம், பசி எல்லாம் கெட்டிருந்தால் தத்துவத்தை நம்பி இருக்காமல் டாக்டரைப் பாருங்கள், தயவுசெய்து.

கேள்வி: உடைந்த கோப்பையைத் தங்கத்தால் ஒட்டும் கின்ட்சுகி வீட்டில் செய்யலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ஒட்டுவது தங்கம் இல்லை, உருஷி என்ற மரத்தின் பால். அதில் மாவு குழைத்து ஒட்டி, ஈரப்பதம் உள்ள பெட்டியில் வைக்க வேண்டும், ஏனென்றால் உருஷி இறுகுவதற்கே ஈரம் தேவை. தங்கத்தூள் கடைசியில்தான் தூவுவார்கள், முழுதாக முடிய வாரக்கணக்கில் ஆகும். ஆன்லைனில் விற்கும் மலிவான செட்டில் பெரும்பாலும் எபாக்ஸி பசைதான் வரும், அதில் ஒட்டிய கோப்பையில் டீ குடிக்காதீர்கள். நிஜ உருஷி வாங்கினால் கையுறை கட்டாயம். அந்த மரம் மா, முந்திரி குடும்பம், அதனால் மாங்காய்ப் பால் பட்டு முகம் வீங்குகிற ஆள் என்றால் இந்த வேலைக்கே போக வேண்டாம்.